அணில் ஏறாத மரம்

சும்மா தருகிறவனை நான் நம்புவதில்லை. திங்கள்சந்தையில் வாழைக்குலை விற்றே கிழவனானவன் நான். வெளிச்சீப்பு பொன்னாக மினுங்கும். புரட்டினால் உள்சீப்பு கறுத்திருக்கும். அதனால், தேவகுமார் சபைப் பிள்ளைகளுக்கெல்லாம் இனாமாகப் புத்தகம் கொடுத்தான் என்று என் பேத்தி பெபிஷா ஓடிவந்து நீட்டியபோது, முதலில் பின்னட்டையைத்தான் புரட்டினேன். பின்னட்டை முழுவதும் தேவகுமார். கோட்டு போட்டு, கன்னத்தில் ஒரு விரலை வைத்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவன் எதுக்குட்டி இதுல இருக்கான்?”

“அவருதான் எழுதியிருக்காரு பாட்டா. அணிலுக்க கதை.”

தேவகுமார் துபாயில் சம்பாதித்துவிட்டு ஊருக்கு வந்து நர்சரிப் பள்ளிக்கூடம் நடத்துகிறவன். எங்கள் சபைக்குச் செயலரும் அவன்தான். என் மருமகள் பெமிலா அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். நிரந்தர வேலை இல்லை. மே மாதம் பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் டீச்சர்மாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ஜூனில் யாரைத் திரும்பக் கூப்பிடுவது என்பது அவன் வாயில் இருக்கிறது. போன வருஷம் வரை அது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. இந்த வருஷம் என் மகன் வேலை பார்த்த ஓமான் கம்பெனி மூடிப்போய், அவன் அங்கேயே வேறு வேலை தேடி அலைகிறான். வீட்டில் அடுப்பு எரிவது பெமிலாவின் சம்பளத்தில்தான்.

ஆகவே, புத்தகம் எப்படி இருக்கிறது என்று பெபிஷாவிடம் நான் கேட்டது கதை தெரிந்துகொள்வதற்காக அல்ல.

“கொள்ளாது பாட்டா,” என்றாள். எங்கள் ஊரில் நன்றாக இருந்தால் கொள்ளாம், நன்றாக இல்லாவிட்டால் கொள்ளாது.

“என்னது?”

“கொள்ளவே கொள்ளாது. எபிசனும் அப்பிடித்தான் சொன்னான். அவன் பாதி படிச்சு நிறுத்திட்டான். நான் முழுசும் படிச்சேன்.”

பதினொரு வயது. பழம்பொரி பொதிந்து வரும் தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிக்கிற பிள்ளை. சபையில் வேதாகம வினாடி வினா என்றால் அவள்தான் முதலில் நிற்பாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் ஊரில் நாலு பேர் நம்புவார்கள். நான் பயந்தது அதனால்தான். ஏனென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபை மண்டபத்தில் பிள்ளைகளின் வாசிப்புக் கூட்டம் என்று ஆராதனையில் அறிவித்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தேவகுமாரின் புத்தகத்தைப் பற்றியும், தனக்குப் பிடித்த இன்னொரு புத்தகத்தைப் பற்றியும் பேச வேண்டுமாம். வீடியோவும் பிடிப்பார்களாம்.

“மக்ளே, கூட்டத்துல கொள்ளாம்னு சொல்லு.”

“எதுக்கு?”

“உனக்க அம்மைக்க வேலை அவன் கையில இருக்கு.”

பெபிஷா நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அப்புறம், “சரி. கொள்ளாம்னு மட்டும் சொல்லுதேன். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றாள். அது போதும் எனக்கு. பெமிலாவிடம் நான் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் ஒரு மாதிரி. பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுத்தது தெரிந்தால் எனக்குச் சோறு வைப்பாள், ஆனால் முகம் பார்க்க மாட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளை என்றால் பிள்ளைதான். எந்த நேரத்தில் எதைச் சொல்லும் என்று தெரியாது. சாயா குடிக்கப் போனாலும் பாதியில் எழுந்து வந்து, “எங்க, சொல்லிக் காட்டு,” என்பேன். “கொள்ளாம்,” என்பாள். “கொஞ்சம் சிரிச்சுட்டுச் சொல்லுட்டி.” பல்லைக் காட்டிக்கொண்டு, “கொள்ளாம்,” என்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பயம் இன்னும் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தில் வேக்காடு. மேலே மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. நான் வேண்டுமென்றே பின்வரிசையில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். அங்கிருந்தால் எழுந்து போவது எளிது. தேவகுமார் முன்வரிசையில், பின்னட்டையில் போட்டிருந்த அதே கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பையன் போனைக் குச்சியில் மாட்டி வீடியோவுக்கு நிறுத்தியிருந்தான்.

கூட்டத்தை நடத்தியது ஓய்வுநாள் பள்ளி டீச்சர் லிஜா. நல்ல பெண். ஆனால் புத்தகக் கூட்டம் என்றால் என்ன, எப்படி நடத்துவது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவளுக்குத் தெரிந்தது சாட்சிக் கூட்டம் ஒன்றுதான். எங்கள் சபையில் வியாதி சுகமானவர்கள், பரீட்சையில் ஜெயித்தவர்கள், குடியை விட்டவர்கள் எல்லாரும் முன்னால் வந்து வேதபுத்தகம் வைத்த மேசைக்குப் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொல்லுவார்கள். சொல்லி முடித்ததும் சபை முழுவதும் ‘ஆமென்’ என்னும். லிஜா அதே மேசையைப் போட்டு, அதே துணியை விரித்து, வேதபுத்தகத்தையும் வைத்துவிட்டாள். போதாததற்கு மைக்கைப் பிடித்து,

“மக்களே, சாட்சின்னா உள்ளத உள்ளபடி சொல்லணும். கூட்டியும் சொல்லப்பிடாது, குறைச்சும் சொல்லப்பிடாது. ஆண்டவர் கேட்டுட்டு இருக்காரு,” என்றாள்.

நான் பெபிஷாவைப் பார்த்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். போச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கூட்டத்தில் பொய் சொல்லச் சம்மதித்த பிள்ளை, சாட்சியில் பொய் சொல்லச் சம்மதிக்கவில்லையே.

முதலில் எபிசன் வந்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பயல். மேசையைப் பார்த்ததும் அவனுக்கும் சாட்சி வந்துவிட்டது.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் முன்ன போன்ல கேம் விளையாடிட்டே இருப்பேன். அப்பா அம்மா பேச்சக் கேக்க மாட்டேன். செக்கரட்டரி மாமாக்க புத்தகம் வாசிச்ச பிறகு நான் மாறிட்டேன்.”

‘ஆமென்’ என்றது மண்டபம். அந்த நேரம் பார்த்து அவன் நிக்கர் பையிலிருந்து கேமின் பாட்டு கேட்டது. பிள்ளைகள் சிரித்துச் சாய்ந்தார்கள்.

“சிரிக்காதீங்க,” என்ற லிஜா, “எபிசன், உனக்குப் பிடிச்ச இன்னொரு புத்தகம்?” என்று கேட்டாள்.

“அதா, அது டீச்சர், ஒரு பேய் பள்ளிக்கூடத்துல சேருது. பாடம் படிக்க இல்ல, மத்தியானச் சாப்பாட்டுக்கு! ஹெட்மாஸ்டர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போ பேய் ஆஜர்னு சொல்லும், ஆனா ஆளக் காணாது. முட்ட போடுற அன்னைக்கு மட்டும் ரெண்டு பேய் வரும்…” முதலில் மனப்பாடம் ஒப்பித்த வாயா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது. லிஜா மைக்கைப் பிடுங்கின பிறகும் அவன் சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

அப்படியே பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். தேவகுமாரின் புத்தகம் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி மாறியிருந்தார்கள். மற்றப் புத்தகம் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் துள்ளியது. எனக்குக் கதை எதுவும் தலையில் ஏறவில்லை. ஒரு தரம் வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன். பக்கத்தில் இருந்தவர், “என்னவே யேசுவடியான், கட்டெறும்பு கடிச்சா?” என்று கேட்டார். முன்னால் பெமிலா மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள்.

“பெபிஷா,” என்று கூப்பிட்டாள் லிஜா.

பிள்ளை போய் மேசைப் பக்கத்தில் நின்றது. ஸ்தோத்திரம் சொன்னது.

“இந்தப் புத்தகத்துல ஒரு அணில் இருக்கு. அதுக்க பேரு அச்சு. அப்பா சொன்னா அச்சு கேக்கும். அம்மா சொன்னா கேக்கும். டீச்சர் சொன்னா கேக்கும்.”

தேவகுமார் தலையை ஆட்டினான். அத்தோடு நிறுத்திவிட்டு வந்து உட்காரட்டும் என்று நான் வாய்க்குள் ஜெபம் பண்ணினேன்.

“ஆனா…”

அந்த ‘ஆனா’வைக் கேட்டதும் என் கை தானாகச் சுவிட்சுப் பலகைக்குப் போயிற்று. மைக்கை அணைத்துவிட்டால் கரண்டு போயிற்று என்று பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்கள். எது மைக், எது விசிறி என்று எனக்கு எப்படித் தெரியும்? கைக்குக் கிடைத்ததை எல்லாம் கீழே தட்டினேன்.

மைக் செத்தது. விசிறிகளும் நின்றன. கடகடச் சத்தம் அடங்கி மண்டபம் கல்லறைத் தோட்டம் மாதிரி அமைதியானது. அந்த அமைதியில் பிள்ளையின் குரல் வாசல் கதவு வரைக்கும் கேட்டது.

“ஆனா அச்சு ஒரு இடத்துல கூட மரத்துல ஏறவே இல்ல. கொய்யாப்பழத்தக் கூட வெட்டி, தட்டுல வச்சு, மேசையில இருந்துதான் தின்னுது.”

“ஆமாட்டி! நானும் பாத்தேன்!” எபிசன் தரையிலிருந்து கத்தினான். “பல்லு தேய்க்குது! பேஸ்ட் போட்டு!”

“அணில் பல்லு தேய்க்குமா டீச்சர்?” என்றது இன்னொரு வாண்டு.

தேவகுமார் எழுந்து நின்றான். கோபமாகத் தெரியவில்லை, வழி தவறினவன் மாதிரி இருந்தான். “மக்களே, அச்சு நல்ல அணில் இல்லியா?”

“நல்லதுதான் செக்கரட்டரி மாமா,” என்றாள் பெபிஷா. “ஆனா அணில் மாதிரி இல்ல. உங்கள மாதிரி இருக்கு.”

சிரிப்பை அடக்க முடியாமல் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்தார்கள். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. “எனக்குப் பிடிச்சது நண்டுக்க கதை. நண்டு பஸ்ல ஏறி கண்டக்டருக்க விசில எடுத்துட்டு ஓடிரும். எல்லாரும் கேப்பாங்க. கடைசி வரைக்கும் குடுக்கவே குடுக்காது. அதான் எனக்குப் பிடிச்சது. ஸ்தோத்திரம்.”

சாட்சி முடிந்தது. லிஜா பழக்கதோஷத்தில், “ஆமென்,” என்றாள். சபை முழுவதும் அதே பழக்கத்தில், “ஆமென்!” என்று முழங்கியது. சொன்ன பிறகுதான் எதற்கு ஆமென் சொன்னோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன் பையன் மட்டும் எல்லாவற்றையும் வீடியோவில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் பெமிலாவின் போனுக்குச் செய்தி வந்தது. ஆபீசுக்கு வாருங்கள் டீச்சர் என்று. அவள் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் உள்ள சாயாக் கடையில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கின சாயா ஆறி ஆடை கட்டியது.

பெமிலா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும், “வந்தா உள்ள வரவேண்டியதுதானே மாமா,” என்றாள்.

“என்ன சொன்னான்?”

“வேலை தருவாராம். ஆனா சனிக்கிழம பெபிஷா வந்து வீடியோவுல நல்லபடியா மறுபடியும் பேசணுமாம். மத்த பிள்ளைங்க பேசினது இருக்காம். இவ ஒருத்தி சொன்னாத்தான் ஊரு நம்புமாம்.”

“அவ்வளவுதானே? ரெண்டு வார்த்தை…”

“நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்,” என்றாள். குரல் உயரவில்லை. “முந்தி நீங்க சொல்லிக் குடுத்ததும் எனக்குத் தெரியும். வேணும்னா நீங்களே மறுபடியும் போய்ச் சொல்லுங்க. அவ ஒத்துக்கிட்டா நான் தடுக்க மாட்டேன்.”

“ஒத்துக்காட்டி?”

“அலமாரிக்குப் பின்னால தையல் மிஷின் கிடக்கு.”

தையல் மிஷினில் எத்தனை ஜாக்கெட் தைத்தால் வீடு நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெபிஷா வீட்டுக்குப் பின்னால் சக்கைப்பலா மரத்து வேரில் உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். நான் நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

“பாட்டா, நீங்க அந்தப் புத்தகத்த வாசிச்சியளா?”

“நான் எதுக்கு வாசிக்கணும்?”

“பின்ன கொள்ளாம்னு எப்பிடிச் சொல்லச் சொல்லுதிய? வாசிச்சிட்டு வந்து கொள்ளாம்னு சொல்லுங்க. நானும் சொல்லுதேன்.”

ஏட்டி, உனக்கு அவ்வளவு இருக்கா என்று அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனேன். நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தினவன். பஸ் போர்டு வாசிப்பேன், வேதபுத்தகத்தில் தெரிந்த சங்கீதம் வாசிப்பேன். தெரியாததை வாசிப்பது வேறு காரியம். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ஒரு பக்கம் முடிவதற்குள் வேர்த்தது. அடுத்த பக்கத்தில் தூங்கினேன். எழுந்து கோழிக்குத் தீனி போட்டேன். மறுபடியும் உட்கார்ந்தேன். தகப்பன் அணில் புத்தி சொல்லிற்று. தாய் அணில் புத்தி சொல்லிற்று. வழியில் போன ஓணான்கூட வந்து புத்தி சொல்லிற்று. எங்கேயாவது ஒரு நல்ல இடம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பெபிஷாவை மடக்கிவிடலாம் என்று இரண்டு நாள் தேடினேன். கண் எரிந்ததுதான் மிச்சம். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து புத்தி சொன்னார்கள். இதைக் கொள்ளாம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. சாட்சி மேசை இல்லை, ஆண்டவர் கேட்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் வரவில்லை. எரிச்சலாக இருந்தது.

புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நேரே தேவகுமாரின் வீட்டுக்குப் போனேன்.

“பிள்ள வீடியோவுக்கு வராது,” என்றேன். “சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“சரி அண்ணாச்சி,” என்றான். கதவுப் பக்கம் திரும்பிவிட்டான். “நம்ம வீட்டுப் பெரியவங்கதான் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லணும். நீங்களே அவ பக்கம் நின்னா நான் என்ன செய்ய? ஜூன்ல வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

“நான் சொன்னேன். அவ என்னைய வாசிக்கச் சொன்னா. வாசிச்சேன். எனக்கும் கொள்ளல்ல.”

அவன் கை கதவிலேயே நின்றது. “எது வரைக்கும் வாசிச்சிய?”

“முழுசும்.”

“முழுசுமா?”

“ஓணான் வருது. கடைசியில எல்லாரும் மேசையச் சுத்தி நிக்கிறாங்க. முழுசும்.”

தேவகுமார் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். “இரிங்க அண்ணாச்சி.” தானும் உட்கார்ந்தான். “நம்ம போதகர் ஐயர் முன்னுரை எழுதினாரு, வாசிக்காம. கமிட்டிக்காரங்க பொன்னாடை போட்டாங்க, வாசிக்காம. எனக்க மகன் வாட்சாப்புல கட்டைவிரல் அனுப்பினான். நீங்க… ஓணான் வரைக்கும் வாசிச்சியளா?”

“கண்ணு போச்சு.”

“ஒண்ணு கூடவா பிடிக்கல்ல? உள்ளதச் சொல்லுங்க.”

நான் யோசித்தேன். பயந்து யோசிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தேன். “ஒரு இடம் இருக்கு. அணில உறங்கப் போடுறாங்க. மழை பெய்யுது. அது கண்ண மூடாம ஓட்டுல விழுற சத்தத்தக் கேட்டுட்டே கிடக்கு. ரெண்டு வரிதான். அந்த ரெண்டு வரியில மட்டும் யாரும் யாருக்கும் புத்தி சொல்லல்ல.”

அவன் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தான். “அத நான் துபாயில லேபர் கேம்புல இருக்கும்போ எழுதினேன்,” என்றான். “பாக்கி எல்லாம் இங்க வந்த பிறகு எழுதினது.”

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவன் விடவில்லை. அந்தப் பக்கம் எப்படி, இந்தப் பக்கம் எப்படி, ஓணான் வேண்டாமா, ஓணானை எடுத்துவிட்டால் நடுவில் பள்ளம் விழாதா என்று பிடித்துக்கொண்டான். நான் கொள்ளாது, கொள்ளாது என்று சொல்லச் சொல்ல, அவன் முகம் வாடிக்கொண்டும் வந்தது, நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டும் வந்தான். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. இதில் எங்கே கொக்கி இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது கொக்கி வந்தது. உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். கையால் எழுதினது, கனமாக இருந்தது.

“அடுத்தது. ஆமைக்க கதை. அச்சடிக்க முந்தி நீங்க வாசிக்கணும். உள்ளத உள்ளபடி சொல்லணும்.”

“சாரே, நான் மூணாங் கிளாஸ்…”

“அதுக்கென்ன? முழுசும் வாசிச்சியல்லா.”

“பெமிலாக்க காரியம்?”

“ஜூன்ல வரச் சொல்லுங்க,” என்றான், ஈயை ஓட்டுவது மாதிரி. “அந்த வீடியோ கிடக்கட்டும். ஆமை முதல்ல நடக்கிற இடம் எனக்கே சந்தேகம். அத மட்டும் நல்லாப் பாருங்க.”

பெமிலாவிடம் வந்து சொன்னேன். அவள் அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். பெபிஷா வீடியோவில் பேச வேண்டாமா என்று மறுபடியும் ஒரு தரம் கேட்டுவிட்டு, உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஜூன் பிறந்தது. பெமிலா குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஆமையோடு கிடக்கிறேன். கூட்டி வாசிக்க ஒத்தாசை பண்ணுட்டி என்று கேட்டால் பெபிஷா, “உங்ககிட்டதானே தந்தாரு, நீங்கதான் வாசிக்கணும்,” என்று ஓடிவிடுகிறாள். அவன் கையெழுத்து அச்செழுத்து மாதிரி இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. கொள்ளாது என்று சொன்னால் அடுத்த மே மாதம் என்ன செய்வானோ? கொள்ளாம் என்று சொன்னால் மூன்றாவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். உட்கார்ந்தாலும் இதே நினைப்பு, எழுந்தாலும் இதே நினைப்பு.

இன்று சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். பாதிகூட முடியவில்லை. ஆமை குளத்துக்குக் கிளம்பியது. வழியில் ஒரு தவளையைப் பார்த்தது. நின்று, தொண்டையைச் செருமி, காலையில் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தவளைக்குச் சொல்ல ஆரம்பித்தது. பக்கத்தைப் புரட்டினேன். இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் தேவகுமாரின் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் விரலை எடுக்காமல் அந்த வரியிலேயே வைத்திருந்தேன்.